டவுன் என்று சொன்னால் போதும்

கண்டிக்குப் போகிறேன் என்று சொன்னதும் கல்லூரி ஆசிரியர் அறையில் மூன்று பேர் தேயிலை கேட்டார்கள். அந்த ஊர் ஜனங்களே பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் நாள் கணக்கில் வரிசையில் நின்ற வருடம் அது. பத்திரிகையைத் திறந்தால் அந்தப் படம்தான். "அப்படியே வரிசையையும் பார்த்துட்டு வாங்க மேடம், உங்களுக்கு ஒரு கட்டுரை தேறும்" என்றார் பொருளாதாரத் துறைக்காரர். கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் நான் போனதே அதற்குத்தான். கண்டிக்குப் பக்கத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கு. வரிசையில் நிற்பதைப் பற்றி அங்கே நான் இருபது நிமிடம் பேச வேண்டும்.

மதுரையில் இருபத்தாறு வருடமாகச் சமூகவியல் நடத்துகிறேன். இந்தத் தொழிலில் ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு பெயர் வாயில் வந்துவிடும். பஸ்ஸில் இரண்டு பேர் இடத்துக்குச் சண்டை போட்டால் விலக்கிவிடத் தோன்றாது, குறிப்பு எடுக்கத் தோன்றும். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் யார் உட்கார்ந்தார்கள், யார் ஒதுங்கி நின்றார்கள் என்று நான் விளக்க ஆரம்பித்தால் என் கணவர் கைகழுவ எழுந்துபோய்விடுவார். சமீப காலமாக என்னோடு கல்யாணங்களுக்கு வருவதையே அவர் நிறுத்திவிட்டார்.

போவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எனக்கு நாலு வயதாக இருந்தபோது எங்கள் குடும்பம் கண்டியிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறியது. சித்தப்பா குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. நாலு வயதில் கிளம்பியவளுக்கு ஊர் ஏக்கமெல்லாம் கிடையாது. நினைவு இருந்தால்தானே ஏங்குவதற்கு. ஆனால் சித்தப்பா மகன் செல்வராஜ் தீபாவளிக்குத் தீபாவளி போன் செய்வான். இந்த முறை நான் வருகிறேன் என்றதும் அவன் குரலே மாறிவிட்டது. "அக்கா, நீங்க வர்ற வாரமே யமுனாவுக்குத் தட்டு மாத்துறோம். கூடப் பொறந்த அக்கா தங்கச்சி எனக்கு யாரும் இல்ல. அத்தைன்னு நீங்க வந்து ஒக்காந்தாப் போதும்" என்றான். யமுனா அவனுடைய ஒரே மகள்.

கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயிலில் போனேன். உட்கார இடம் கிடைக்கவில்லை. பெட்ரோல் இல்லாததால் கார் வைத்திருந்தவர்களும் ரயிலுக்கு வந்துவிட்டார்கள் என்று பக்கத்தில் நின்றவர் சிங்களத்தில் இன்னொருவரிடம் சொல்ல, மூன்றாவது ஒருவர் எனக்கு அதைத் தமிழில் சொன்னார். ஒரு பெரியவர் இறால் ஒட்டிய வடையைக் கூடையில் சுமந்துகொண்டு அந்த நெரிசலுக்குள் நுழைந்து வந்தார். நம் ஊர் ரயிலில் அந்த நெரிசலுக்கு நாலு பேர் திட்டியிருப்பார்கள். இங்கே ஆளாளுக்கு வயிற்றை எக்கி வழிவிட்டார்கள். வடையும் நன்றாக இருந்தது. கடுகண்ணாவைக் கணவாயில் ரயில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியபோது இந்த ஊரில்தான் மாப்பிள்ளை வீடு என்று செல்வராஜ் போனில் சொன்னது நினைவுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். மழை. ஒன்றும் தெரியவில்லை.

கண்டி நிலையத்துக்கு வெளியே ஆட்டோக்காரரிடம் "மஹய்யாவை" என்றேன். அவர் என் பெட்டியைப் பார்த்தார், என் புடவையைப் பார்த்தார், திரும்ப ஒரு தடவை "மஹய்யாவையா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்கள் பாடத்தில் ஒரு அத்தியாயமே இருக்கிறது. ஒரு இடத்தின் பேரில் விழுந்த கறை அங்கே வசிக்கிறவர்கள் மேலும் ஒட்டிக்கொள்வதைப் பற்றிய அத்தியாயம். புத்தகத்தில் இருப்பது கண்முன்னால் நடக்கிறதே என்று எனக்கு ஒரு சந்தோஷம். அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மஹய்யாவை கண்டி நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் நகரத்தைச் சுத்தம் செய்யக் கொண்டுவந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே ஒரு பகுதியில் நெருக்கமாக வாழ்கிறார்கள். படிப்படியாக இறங்கும் சந்து, சின்னச் சின்ன வீடுகள், சந்து முழுவதற்கும் சேர்த்துப் பொதுப் பைப்பு. செல்வராஜின் வீட்டில் இரண்டு அறை. சுவர் முழுக்க நீல வர்ணம். அலுமாரிக் கதவில் யமுனாவின் சான்றிதழ்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. செல்வராஜ் மாநகர சபையில் துடைப்பம் பிடித்து ஆரம்பித்து இப்போது துப்புரவுத் தொழிலாளர்களை மேற்பார்வை செய்கிறான். யமுனா ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். இருபத்தேழு வயது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் தண்ணீர் பட்ட பாடு.

மாப்பிள்ளை எப்படி அமைந்தார் என்று கேட்டேன். யமுனாவே சொன்னாள். "பல்லு வலின்னு வந்தாரு அத்தை. பல்லப் புடுங்கின பொறகும் வந்துட்டே இருந்தாரு." வீடே சிரித்தது. பையன் பெயர் சுதாகர். கடுகண்ணாவை மெயின் ரோட்டில் அவர்களுக்கு இரும்புச் சாமான் கடை. கீழே கடை, மேலே வீடு. பையனின் அம்மா அப்பா ஏற்கெனவே கோயிலில் வைத்துப் பெண்ணைப் பார்த்துவிட்டார்கள், பிடித்துவிட்டது. நாங்கள் அங்கே போய்த் தட்டு மாற்றிக்கொண்டால் காரியம் உறுதி.

சாப்பாட்டின் போது செல்வராஜின் மனைவி பாக்கியம் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வைத்துக்கொண்டே தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அக்கா, அங்க வீடு எந்தப் பக்கம்னு கேட்டா டவுன்னு சொல்லுங்க. டவுன்னு சொன்னாப் போதும். இவர் வேலையக் கேட்டா மாநகர சபைன்னு சொல்லியிருக்கோம்." இரண்டுமே பொய்யில்லை. யமுனா தலையை நிமிர்த்தவில்லை. நான் பாக்கியத்தின் கையைத் தட்டிக்கொடுத்தேன். "எனக்கா சொல்லணும்? நான் பாடம் நடத்துறதே இதைத்தான். வீட்டுக்கு முன்வாசல் ஒண்ணு, பின்வாசல் ஒண்ணு. விருந்தாளிக்குப் பின்வாசலைக் காட்டணும்னு எந்தச் சட்டமும் இல்ல" என்றேன். பாக்கியத்தின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

மறுநாள் விடிவதற்குள் சந்தில் பேச்சுச் சத்தம் கேட்டு எழுந்துவிட்டேன். வேலைக்குப் போகிறவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பைப்படியில் வாளிகள் வரிசையாக இருந்தன. சிவப்பு, நீலம், வர்ணம் போன டின், ஒரு குழந்தையின் குளியல் தொட்டி. பக்கத்தில் ஆள் இல்லை. நாலு மணிக்கே ரோடு கூட்டப் போய்விடுகிறவர்கள் வாளியை மட்டும் வரிசையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். தண்ணீர் வரும்போது வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொரு வாளியாக நிரப்பி, நிரம்பியதை அந்த அந்த வீட்டு வாசலில் வைக்கிறார்கள். ஆள் இல்லாத வாளியை ஒருவரும் தள்ளி வைக்கவில்லை. எங்கள் தெருவில் லாரித் தண்ணீருக்கு மண்டை உடைந்திருக்கிறது. நான் நோட்டை எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். யமுனா பல் துலக்கிக்கொண்டே பார்த்து, "என்னத்த அத்தை எழுதுறீங்க, வாளியவா?" என்று சிரித்தாள்.

பகலில் அவளுக்குப் புடவை எடுக்க டவுனுக்குப் போனோம். அவளுக்குப் பழக்கமான துணிக்கடை. முதலாளியை எல்லாரும் ஹாஜியார் என்றார்கள். எழுபதை நெருங்கியவர். என்னைக் கதிரையில் உட்காரவைத்து, தேத்தண்ணி வரவழைத்து, "செல்வராஜட அக்காவா? நல்லா ஈக்கிறீங்களா டீச்சர்? இந்தப் புள்ளட கடிதமெல்லாம் நம்மட கடைக்குத்தானே வாறது" என்றார். எனக்குப் புரியவில்லை. யமுனா விளக்கினாள். வேலைக்கு விண்ணப்பம் போடும்போது மஹய்யாவை முகவரி போட்டால் நேர்முகத்துக்கே கூப்பிட மாட்டார்கள் என்று பயந்து, அவர்கள் சந்தில் சில குடும்பங்கள் ஹாஜியார் கடை முகவரியைப் போடுகின்றன. அவளுக்குக் கிளினிக் வேலைக் கடிதமும் அங்கேதான் வந்தது.

"நாங்க அட்ரஸ்தான் குடுக்கலாம் டீச்சர், மாப்பிள்ளய குடுக்க ஏலாதே. அத அல்லாஹ்தான் குடுக்கோணும்" என்று சொல்லி ஹாஜியார் சிரித்தார். புடவையை மடித்துத் தரும்போது "நல்லபடியா முடியட்டும்" என்று மெதுவாகச் சொன்னார்.

திரும்பும் வழியில் எரிவாயு வரிசை. சிலிண்டர்களை ஒன்றோடு ஒன்று சங்கிலியால் கட்டி வரிசையில் விட்டுவிட்டு, ஆட்கள் எதிர்ப்பக்க நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் உரக்கச் சண்டை போட்டார்கள். இருவருமே கண்ணாடி போட்ட கனவான்கள். யமுனாவின் சந்துக்காரர்கள் நாலைந்து பேர் அதே வரிசையில் அமைதியாகக் காத்திருந்தார்கள். எனக்குப் பளிச்சென்றது. வரிசை அந்தக் கனவான்களுக்குப் புதுசு. இவர்கள் மூன்று தலைமுறையாகப் பைப்படியில் பழகியவர்கள். நாட்டையே ஆட்டிவைத்த நெருக்கடியின் சூட்சுமம் ஒரு பைப்படியில் கிடைத்துவிட்டது என்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று முழுக்க அதைத்தான் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை வீட்டுக்கு வேனில் கிளம்பினோம். டீசலுக்காகப் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு நாள் வரிசையில் நின்றிருந்தார். பிலிமத்தலாவையில் வேன் நின்றுவிட்டது. வெள்ளை வேட்டியும் பட்டுச் சட்டையுமாக இருந்த செல்வராஜ் இறங்கித் தள்ளினான். ரோட்டோரத்துப் பழக்கடைக்காரர் சிங்களத்தில் "மாப்பிள்ளையா, மாப்பிள்ளைக்கு அப்பாவா?" என்று கேட்க, செல்வராஜ் "பெண்ணுக்கு அப்பா" என்று பதில் சொல்ல, அவரும் வந்து கைகொடுத்துத் தள்ளினார். வேன் உறுமிக் கிளம்பியதும் எல்லாரும் கைதட்டினோம். யமுனா அன்றைக்கு இருந்த அழகுக்கு நான் நாலு முறை கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தேன்.

கடுகண்ணாவையில் எங்களை நன்றாகத்தான் வரவேற்றார்கள். அதைச் சொல்லியாக வேண்டும். பால்மா கிடைக்காத நாளில் எல்லாருக்கும் பால் தேத்தண்ணி கொடுத்தார்கள். கேக், முறுக்கு, கதலிப் பழம். பையனின் அம்மா யமுனாவைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். சுதாகர் ஒல்லியாக, கூச்சமாக, அப்பாவுக்குப் பின்னால் நின்றான். நாங்கள் கொண்டுபோன தட்டு நடுவில் இருந்தது. வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், ஹாஜியார் கடைப் புடவை. அவர்களுடைய தட்டும் தயாராகப் பக்கத்தில் இருந்தது.

"நீங்க இப்ப தங்கியிருக்கது எந்தப் பக்கம்?" என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார்.

"டவுன்ல. தம்பி வீட்டுலதான்" என்றேன். அவர் தலையாட்டினார். பாக்கியம் என்னை நன்றியோடு பார்த்தாள். அவ்வளவுதான், முடிந்தது. நான் அங்கேயே வாயை மூடியிருக்க வேண்டும்.

பையனின் அப்பா பத்திரிகை படிக்கிறவர். "நீங்க ப்ரொபசர்னு சொன்னாங்க. இந்த கியூவெல்லாம் பாத்தீங்கதானே? நம்ம நாட்டு ஆளுங்களப் பத்தி என்ன நெனைக்கிறீங்க?" என்று கேட்டார். இருபத்தாறு வருடத்தில் இப்படிக் கேட்ட ஒருவரிடமும் நான் சுருக்கமாகப் பதில் சொன்னதில்லை. வரிசை என்றால் என்ன, அதில் பணக்காரன் ஏன் பொறுமை இழக்கிறான் என்று ஆரம்பித்தேன். அவர் ஆர்வமாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். எனக்கு உற்சாகம் ஏறிவிட்டது.

"இதுக்குப் புத்தகமே வேண்டாங்க. என் தம்பி வீட்டுச் சந்துலயே பார்த்தேன். பொதுப் பைப்புல வாளி வரிசையா இருக்கு. நாலு மணிக்கே ரோடு கூட்டப் போறவங்க வாளிய வச்சுட்டுப் போறாங்க, அத ஒருத்தர் தொடறதில்ல. மூணு தலைமுறைப் பழக்கம். கண்டிக்கே வரிசையில நிக்கக் கத்துக்கொடுக்கிற தகுதி அவங்களுக்குத்தான் இருக்கு."

உயர்த்திச் சொன்னதாகத்தான் நினைத்தேன். சொல்லி முடித்து எல்லாரையும் பார்த்துச் சிரித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பாக்கியம் கையில் இருந்த கோப்பை பாதி வழியில் நின்றிருந்தது. அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது.

"ரோடு கூட்டப் போறவங்களா?" என்றார் அந்த அம்மா. குரலில் கோபம் இல்லை. "அப்ப மஹய்யாவையா நீங்க?"

செல்வராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஆமாங்க. மஹய்யாவைதான். எங்க தாத்தா காலத்துல இருந்து அங்கதான். நானும் கூட்டினவன்தான்."

சாதி என்ற சொல்லை அந்த வீட்டில் ஒருவரும் உச்சரிக்கவில்லை. உச்சரிக்கத் தேவையும் இருக்கவில்லை. சுதாகர் இப்போதுதான் கேள்விப்படுகிறவனைப் போல அம்மாவைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். அந்த அம்மா யமுனாவின் கையை மெல்லத் தன் மடியிலிருந்து எடுத்து அவள் மடியிலேயே வைத்தார். முரட்டுத்தனமாக இல்லை, கவனமாகத்தான் வைத்தார். "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று எங்களிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து கணவரைக் கூப்பிட்டார்.

திரும்பி வந்த மனிதர் எங்கள் யார் கண்ணையும் பார்க்கவில்லை. "இன்னைக்கு நாள் அவ்வளவு சரியில்லைன்னு வீட்டுல சொல்றாங்க. பாத்துட்டு ஒரு நாள் சொல்றோம்" என்றார். நாள் பார்த்துக் கொடுத்ததே அவர்கள்தான். இரண்டு தட்டும் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே இருந்தன. பாக்கியம் எழுந்து எங்கள் தட்டை எடுத்தாள். நான் அதை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன். வெற்றிலை வாடாமல், தேங்காய் உருளாமல், வழி முழுக்க அந்தத் தட்டு என் மடியில்தான் வந்தது.

வேனில் ஒருவராவது என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செல்வராஜ் முன் இருக்கையிலிருந்து திரும்பாமலே "விடுங்கக்கா, தெரிஞ்சு சொன்னீங்களா" என்றான். பாக்கியம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். யமுனா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். பிலிமத்தலாவையில் அந்தப் பழக்கடைக்காரர் எங்கள் வேனை அடையாளம் கண்டு கையை உயர்த்தி ஆட்டினார். செல்வராஜும் பதிலுக்குக் கையை ஆட்டினான்.

நாலாம் நாள் கருத்தரங்கு. கலஹா போகும் பஸ் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு உள்ளேயே போகும், அதில் ஏறுங்கள் என்று செல்வராஜ் ஏற்றிவிட்டான். "உள்ளே போங்கள், உள்ளே போங்கள், பின்னால் ஒரு வயலே காலியாக இருக்கிறது" என்று நடத்துநர் சிங்களத்தில் கத்தியதை யாரோ எனக்காகத் தமிழில் சொன்னார்கள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கட்டுரையை மடியில் விரித்தேன். முதல் பக்கத்திலேயே நான் புதிதாகச் சேர்த்து எழுதியிருந்த வாளி. படிக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பல்கலைக்கழகத்தின் பெரிய மரங்கள் எப்போதோ தாண்டிப் போயிருந்தன. இருபக்கமும் தேயிலை.

கலஹாவில் இறக்கிவிட்டார்கள். திரும்பும் பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் என்றார்கள். ஒரு சின்னக் கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். காரமான சம்பல். அழுகைக்கு அது வசதியாக இருந்தது. பக்கத்தில் கொழுந்து எடுக்கும் பெண் ஒருவர், என் வயது இருக்கும், மருந்துச் சீட்டோடு அதே பஸ்ஸுக்காகக் காத்திருந்தார். "காரமாம்மா? தண்ணி குடிங்க" என்று தன் போத்தலை நீட்டினார். பிறகு பேச்சு வளர்ந்தது. இந்தியாவா, எந்த ஜில்லா, எத்தனை பிள்ளைகள். "இங்க யாரு வீட்டுல தங்கியிருக்கீங்க?"

"டவுன்ல" என்றேன்.

என்னை அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் கேட்டிருக்கவில்லை. கேட்டவரோ தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வாழ்கிறவர். அவரிடம் மறைக்க எனக்கு என்ன இருக்கிறது? ஆனால் வாய் தானாகச் சொன்னது. மதுரையிலும் இப்படித்தான். அப்பா கண்டியில் என்ன வேலை பார்த்தார் என்று யார் கேட்டாலும் "அரசாங்க வேலை" என்று சொல்லிச் சொல்லி என் மகனே அதை நம்புகிறான். அப்பாவும் அதே சந்தில் துடைப்பம் பிடித்தவர்தான். எனக்காக இத்தனை வருடம் இவ்வளவு பத்திரமாகக் காத்துக்கொண்டதை யமுனாவுக்காக ஒரு மணி நேரம் காக்கத் தெரியவில்லையே என்று அங்கேயே, அந்தக் கடையிலேயே, உறைத்தது.

பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தபோது என் அமர்வு முடிந்துவிட்டிருந்தது. அமைப்பாளர் நல்ல மனிதர், யாழ்ப்பாணத்துக்காரர். "பரவாயில்லை மேடம், கட்டுரையைத் தாங்கோ, தொகுப்பிலை போடுவம்" என்றார். பையில் வைத்துக்கொண்டே கொண்டுவரவில்லை என்று சொல்லிவிட்டேன். மதியச் சாப்பாட்டில் பலாக்காய்க் கறி இருந்தது. எல்லாரும் புகழ்ந்தார்கள். எனக்கு ருசி தெரியவில்லை.

கடுகண்ணாவையிலிருந்து அன்றும் போன் வரவில்லை. ஐந்தாம் நாள் காலை நான் கிளம்பினேன். கிளினிக்குக்குப் போகும் வழிதான் என்று யமுனா ரயில் நிலையத்துக்கு என்னோடு வந்தாள். வேலைக்குப் போகும் இளஞ்சிவப்புச் சட்டை, இறுக்கிக் கட்டிய கூந்தல். என் பெட்டியை அவளே தூக்கிக்கொண்டாள். மேடையில் ரயில் நின்றிருந்தது. ஜன்னலோரம் எனக்கு ஒரு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றாள்.

"என்னை மன்னிச்சிரு யமுனா" என்றேன். இரண்டு நாளாகச் சொல்ல முயன்றது அப்போதுதான் வந்தது.

"நீங்க பொய் ஒண்ணும் சொல்லலையே அத்தை." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்குத் தெரியும்."

"யாருக்கு?"

"சுதாகருக்கு. மொத மாசமே சொல்லிட்டேன். அப்பா வேலை, வீடு, எல்லாம். எங்க சந்துப் படி வரைக்கும் வந்து பாத்துட்டுப் போயிருக்காரு. கல்யாணம் பதிஞ்ச பொறகு அம்மாகிட்ட நானே பேசுறேன், நீ ஒண்ணும் பயப்படாதன்னாரு. அன்னைக்கு அவர் மூஞ்சியப் பாத்தீங்கதானே? அப்பதான் மொத தடவ கேக்குற மாதிரி."

பார்த்தேன். தரையைப் பார்த்த அந்த முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். அப்போதும் எனக்கு வந்தது விளக்கம்தான். "அவன் நிலைமையையும் யோசிக்கணும் யமுனா. ஊர் நடுவுல கடை வச்சிருக்கவங்களுக்குப் பேருதான் முதல். கஷ்டப்பட்டு மேல வந்த குடும்பமா இருக்கும். அப்படி வந்தவங்களுக்குத்தான் திரும்பவும் கீழ போயிருவோமோன்னு பயம் ஜாஸ்தி. அந்த அம்மாவும் கூட..."

"அத்தை."

நிறுத்தினேன்.

"போதும் அத்தை. அவங்களுக்காக நீங்க பேச வேணாம். எல்லாருக்கும் ஒரு காரணம் சொல்லிட்டே போனா நான் யாரத்தான் ஏசுறது?" அவள் கண் நிறைந்துவிட்டது. ஐந்து நாளில் அன்றுதான் அவள் அழுது பார்த்தேன். "எனக்காக ஒருக்கா கோவப்படுங்க. காரணம் சொல்லாம கோவப்படுங்க."

ரயில் கிளம்பிவிட்டது. அவள் கையசைக்கவில்லை. இளஞ்சிவப்புச் சட்டை கூட்டத்தில் கலக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேராதனை தாண்டியதும் கோபம் வந்தது. நிஜமான கோபம். முதலில் என் மேல், பிறகு அந்தப் பையன் மேல். சந்துப் படிவரை வந்து பார்த்தவன், அம்மா அவள் கையைத் தன் மடியிலிருந்து எடுத்து வைத்தபோது ஒரு வார்த்தை பேசாதவன். கடுகண்ணாவையில் ரயில் நின்றது. நான் எழுந்து கதவுவரை போய்விட்டேன். இறங்கி மெயின் ரோட்டுக்கு நடந்தால் கடை. அவன் அம்மா முன்னாலேயே, "உனக்குத் தெரியும்தானே?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பிறகு யோசித்தேன். கேட்டால் யமுனாவின் பெயர் இன்னும் கெடுமோ, அந்தப் பையனும் பாவம் என்ன நெருக்கடியில் இருக்கிறானோ, அந்த அம்மா பக்கத்தில் என்ன நியாயமோ என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.